வில்லன்களை வென்றார் மாயாவி! விலைவாசியை வெல்வாரா?
சிவகாசி காமிக்ஸ் புத்தகங்களின் 50 ஆண்டுப் போராட்டம்

எப்போதும்வென்றான்:-

எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எப்போதும்வென்றான். பெயரைக் கேட்டாலே சித்திரக்கதை கதாநாயகனுக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கும். காமிக்ஸ் ஹீரோ யாராவது தோற்றது உண்டா? கடைசிப் பக்கத்தில் ஜெயிப்பது அவர்தான்!

ஆனால் அந்த ஹீரோக்களைச் சுமந்து வந்த புத்தகங்கள் எப்போதும் ஜெயித்தனவா? அதுதான் இல்லை.

தீப்பெட்டி ஊரில்...

தமிழ் காமிக்ஸ் செழித்து வளர்ந்தது இதே வறண்ட சீமையில்தான். சிவகாசியில் மழை குறைவு, காய்ந்த காற்று. அது தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாகப் போயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படி அச்சுத்தொழில் பெருகிய ஊரில் 1972-ம் ஆண்டு சவுந்திரபாண்டியன் "முத்து காமிக்ஸ்" தொடங்கினார். முதல் புத்தகமே "இரும்புக்கை மாயாவி"!

மாயாவி சீமைச் சரக்கு. 1962-ல் இங்கிலாந்தின் "வேலியண்ட்" வார இதழில் பிறந்தவர். ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போயிற்று. பதிலுக்கு இரும்புக்கை. கரண்டு பாய்ந்தால் போதும், ஆள் மாயம்! கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லண்டன் ஆசாமி சிவகாசிக்கு வந்து தமிழ் பேசினார். பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். பிடிபட்டவர்களுக்கு முதுகு பழுத்தது!

ஒரே ஆண்டில் இரண்டு

1984-ல் போட்டி சூடு பிடித்தது. சவுந்திரபாண்டியனின் மகன் விஜயன் "லயன் காமிக்ஸ்" ஆரம்பித்தார். முதல் இதழில் துப்பறியும் பெண் மாடஸ்தி. அதே ஆண்டு "தினத்தந்தி" குடும்பத்தில் இருந்து "ராணி காமிக்ஸ்" வந்தது. அதில் ஜேம்ஸ்பாண்ட். பஸ் நிலையக் கடைகளில் தோரணம் போலத் தொங்கின.

அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. கேபிள் வந்தது. பையன்களின் கண் திரும்பியது. 2005-ல் "ராணி காமிக்ஸ்" நின்றது. லயனும் முத்துவும் தட்டுத் தடுமாறின. அடுத்த இதழ் எப்போது என்று வாசகர்கள் காத்துக் கிடந்த காலமும் உண்டு.

மறுபடி எழுந்தார்கள்!

2012 ஜனவரியில் திருப்பம். சென்னை புத்தகக் காட்சியை ஒட்டி லயன் மறுபடி கிளம்பியது. அதன் பிறகு நல்ல தாள், முழு வண்ணம், தடித்த அட்டை என்று புத்தகங்களின் தோற்றமே மாறிப்போனது. இத்தாலிய கவ்பாய் டெக்ஸ் வில்லரும், பெல்ஜியத்து லக்கி லூக்கும் கலரில் குதிரை ஏறினார்கள். ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் ரசிகர்கள்தான் முதுகெலும்பு. ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் ஒன்றுகூடி, அடுத்து எந்தக் கதை வேண்டும் என்று ஆசிரியரிடமே உரிமையோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2022-ல் முத்து காமிக்சுக்கு 50 வயது நிறைந்தது.

வெற்றிதானே? பாதி வெற்றி!

கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் நரைத்த தலைகள். அன்று காமிக்ஸ், பையனின் கைச்செலவுக் காசுக்குக் கிடைத்தது. இன்று குறைந்த பிரதிகள், உயர்ந்த தாள், வெளிநாட்டு உரிமைத் தொகை. விலை ஏறாமல் என்ன செய்யும்? அப்பா வாங்குகிறார், அப்பாவே படிக்கிறார். மகன் கையில் செல்போன்!

இன்னொரு வேடிக்கை. அன்று எடைக்குப் போட்ட பழைய காமிக்சை இன்று கேட்ட விலை கொடுத்துத் தேடி அலைகிறார்கள் ரசிகர்கள். பரணில் ஒன்றிரண்டு கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பூட்டியும் வைக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த தலைமுறை புரட்டினால்தான் மாயாவி நிஜமாகவே எப்போதும்வென்றான். இல்லாவிட்டால், கரண்டு இல்லாமலே மாயமாகி விடுவார்!