மான் வேட்டை: அபராதத்தோட முடிஞ்சிடுமா?

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "மான் அடிச்சு மாட்டினா, வனத்துறையில அபராதம் கட்டிட்டு வந்துடலாம்னு சொல்றாங்களே, நெஜமா சார்?" பாதி நெஜம். மிச்சப் பாதியை நம்பினா ஜெயில்தான்.

இதுக்கு அடிப்படை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சுடுறது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைக்கிறது, விரட்டிப் பிடிக்கிறது, அதுக்கு முயற்சி செய்றதுகூட வேட்டைதான்.

அடுத்து, எந்த மான், எங்கே அடிச்சது என்பது முக்கியம். நம்ம டெல்டாவுக்குப் பக்கத்துல கோடியக்கரை இருக்கு. பழைய தஞ்சாவூர் மாவட்டமா இருந்தப்பவே, 1967-ல் சரணாலயம் ஆனது. அங்கே வெளிமானும் உண்டு, புள்ளிமானும் உண்டு. வெளிமான் முதல் பட்டியல்ல இருக்கு. அதை எங்கே கொன்னாலும் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை; கூடவே, 2022 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அதோட கறியை வச்சிருந்தாலும் இதே கதைதான். புள்ளிமானா இருந்தாலும், சரணாலயத்துக்குள்ள வேட்டையாடினா இதே தண்டனை. சரணாலயத்துக்கு வெளியேன்னா 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

சரி, சலுகை எங்கே இருக்கு? சட்டத்தின் 54-ஆவது பிரிவுல. அதிகாரம் பெற்ற வனத்துறை அதிகாரி, ஒரு தொகையை வாங்கிக்கிட்டு வழக்கை முடிக்கலாம். முன்னாடி 25,000 ரூபாய் வரைதான்; இப்ப 5 லட்சம் வரை போகலாம். ஆனா இதைக் கொடுக்கணும்னு அதிகாரிக்குக் கட்டாயம் இல்லை. குறைந்தபட்ச சிறைத்தண்டனை உள்ள குற்றத்துக்கு இந்த வழியே கிடையாது. அதாவது வெளிமானுக்கு இல்லை, சரணாலய வேட்டைக்கும் இல்லை. முதல் தடவை தப்பு செஞ்சவரை நன்னடத்தை பேர்ல விடுற சலுகையும், 18 வயசு நிரம்பினவர் சரணாலயத்துல வேட்டையாடியிருந்தா கிடைக்காது.

"பெரிய ஆளுங்க தப்பிச்சிடுறாங்களே?"ன்னு கேட்பீங்க. நடிகர் சல்மான்கான் வழக்கைப் பாருங்க. 1998 அக்டோபர்ல ஜோத்பூர் பக்கம் கன்கானி கிராமத்துல வெளிமான்கள் கொல்லப்பட்டன. தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரல் 5-ல்: 5 வருஷம் சிறை, 10,000 ரூபாய் அபராதம். ரெண்டு நாள்ல ஜாமீன் கிடைச்சது. கூட இருந்த மத்த நடிகர் நடிகைகள் விடுதலை ஆனாங்க. தண்டனை சின்னது இல்லை. வந்து சேரத்தான் 20 வருஷம் ஆச்சு. ஜாமீனை விடுதலைன்னு நினைச்சுக்கக் கூடாது. மேல்முறையீடு நடக்கிற காலத்துக்கு வெளியே இருக்க அனுமதி, அவ்வளவுதான்.

ஆனா அந்த 20 வருஷம் கோர்ட்டுக்கு நடக்க எத்தனை பேருக்கு வசதி இருக்கு? கூலிவேலை செய்ற ஒரு பையனுக்கு வக்கீல் ஃபீஸும் வாய்தாவுமே தண்டனை ஆயிடும். பறிமுதல் பண்ணின பைக்கும் சுலபமா திரும்பி வராது.

அதனால யாராவது "மான்கறி இருக்கு, வேணுமா?"ன்னு கேட்டா, விலை விசாரிக்காதீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்க.