ஆங்கிலத்தில் இறந்தகாலம் கூறும் முறை

ஜவ்வாது மலையினின்று வந்து நம் கலாசாலையிற் பயிலும் மாணாக்கர் ஒருவர், தம் ஊரார் பொருட்டு ஆங்கிலத்தில் வரைந்த விண்ணப்பமொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தார். 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டப்படி தாங்கள் உழுதுண்ணும் நிலத்துக்கு உரிமை வேண்டுவது அதன் நோக்கம். 'வீ கல்டிவேட்டெட் திஸ் லாண்ட்' என்பது முதல் வாக்கியம். 'நாங்கள் இந்நிலத்தைப் பயிரிட்டோம்' என்பது பொருள். எழுத்துப் பிழை யாதுமில்லை. ஆயினும், ஆங்கிலம் நன்கறிந்த அதிகாரி ஒருவர் அதனைப் படிப்பாராயின், 'முன்னொரு காலத்திற் பயிரிட்டனர். இப்பொழுது விட்டுவிட்டனர் போலும்' என்றே கருதக்கூடும். வினையின் காலம் ஒரு சிற்றூரின் வழக்கையே நலியச் செய்யுமன்றோ? ஆதலின், இவ்விறந்தகாலம் அமையும் வகையையும் வழங்கும் இடத்தையும் சிறிது ஆராய்வோம்.

தமிழில் இறந்தகாலங் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என நான்காம் என்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. செய்தான், உண்டான், சென்றான், பாடினான் என்பன உதாரணங்கள். ஆங்கிலத்திலோ பெரும்பான்மை வினைகள் 'ஈ', 'டீ' என்னும் ஈரெழுத்துக்களை இறுதியிற் பெற்று இறந்தகாலமாகும். எழுத்து ஒன்றாயினும் ஒலி மூன்று. 'வாக்', 'லாஃப்' முதலிய வல்லோசையில் முடியும் வினைகளின்பின், 'பட்டு' என்பதில் வரும் டகரம்போல் வலிந்தொலிக்கும். 'ப்ளே', 'கால்' முதலியவற்றின்பின், 'நண்டு' என்பதில் வரும் டகரம்போல் மெலிந்தொலிக்கும். 'வாண்ட்', 'நீட்' என டகர ஓசையிலேயே முடிவனவற்றின்பின் மாத்திரம் 'இட்' என ஓரசை மிகும். இதனை அறியாது 'வாக்கெட்', 'லாஃபெட்' என எங்கும் ஓரசை கூட்டி உச்சரிப்பது நம்மவரிடையே பரவிய குற்றம்.

எழுதும்பொழுதும் சில விதிகள் உள. 'லிவ்' என்பதுபோல் ஈ என்னும் எழுத்தில் முடியும் சொல்லுக்கு டீ ஒன்றே போதும். 'கேரி' என்பதன் ஈற்றெழுத்தாகிய 'வை', 'ஐ' எனத் திரியும். 'ஸ்டாப்' என்பதன் ஈற்றெழுத்து இரட்டிக்கும். இவ்விதிகளுக்கு அடங்காத வினைகளும் பல. 'ஸீ' என்பது 'ஸா' எனவும், 'கோ' என்பது 'வெண்ட்' எனவும் ஆகும். 'கட்', 'புட்' என்பன மாறாமலே நிற்கும். தமிழிலும் 'வா' என்பது 'வந்தான்' எனக் குறுகுதல் காண்க. இவற்றை விதியாற் கற்றல் இயலாது. படித்தும் எழுதியும் பழகுதலே வழி.

தமிழ் மாணாக்கர்க்கு ஓர் ஆறுதலும் உண்டு. வந்தேன், வந்தாய், வந்தார் என இடமும் பாலும் பற்றி நம் வினை வேறுபடும். ஆங்கிலத்திலோ 'கேம்' என்பதொன்றே எல்லார்க்கும் பொது. 'வாஸ்', 'வேர்' என்னும் இரண்டே ஒருமை பன்மை பற்றி வேறுபடுவன.

எதிர்மறையிலும் வினாவிலுமே இடறல் நேர்கின்றது. 'வரவில்லை' என்னும் தமிழ்ச் சொல் தானாகக் காலங் காட்டுவதன்று. நேற்று வரவில்லை என்போம், இன்றும் வரவில்லை என்போம். ஆங்கிலத்தில் 'டிட்' என்னுந் துணைவினை வந்து காலத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும். ஏற்றபின் தலைமை வினை தன் இயல்பான உருவுக்குத் திரும்பிவிடும். எனவே 'ஹீ டிட் நாட் கோ' என்பதே முறை. 'டிட் நாட் வெண்ட்' என்பது வழு. ஒருவர் சுமக்கும் சுமையை இருவர் தலையில் ஏற்றவேண்டுவதில்லை.

இனி, இக்காலம் வழங்கும் இடம் யாதெனின், குறித்ததொரு பொழுதில் நிகழ்ந்து முடிந்துபோன செயலே அதற்கு உரியது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தையே சான்றாகக் கொள்வோம். 1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்து நோக்கினர். அந்நிலையத்தை நிறுவிய வைணு பாப்பு 1982-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவையெல்லாம் நாளும் ஆண்டுங் குறித்து முடிந்தவை; ஆகலின் ஆங்கிலத்தில் இவற்றைத் தனி இறந்தகாலத்தாற் கூறுக. அத்தொலைநோக்கி அன்று முதல் இன்றளவும் அங்கே நிற்கின்றது என்பதற்கோ 'ஸ்டுட்' என்பது மாத்திரம் போதாது. 'ஹாஸ் ஸ்டுட்' என்றல் வேண்டும். மறுதலையாக, 'யெஸ்டர்டே' என நாளைச் சுட்டியபின் 'ஐ ஹாவ் ஸீன்' என்பதும் வழுவே. 'ஐ ஸா' என்க.

விண்ணப்பத்துக்கு வருவோம். 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னரே நிலம் அனுபவத்தில் இருந்திருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. உண்மையில் அனுபவத்திலுள்ள பரப்புக்கே, அதுவும் நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமை கிட்டும். ஆகவே முன்பு இருந்ததும் இன்று இருப்பதும் ஆகிய இரண்டும் வாக்கியத்தில் விளங்கவேண்டும். 'அவர் கிராண்ட்ஃபாதர்ஸ் ஸெட்டில்ட் ஹியர்' எனப் பாட்டனார் குடியேறிய செய்தியைத் தனி இறந்தகாலத்தில் வைத்து, 'வீ ஹாவ் கல்டிவேட்டெட் திஸ் லாண்ட் எவர் ஸின்ஸ்' என அடுத்ததைத் திருத்தினோம். மாணாக்கர் அவ்விரண்டையும் உரக்கப் படித்துப் பார்த்து, 'ஐயா, இப்பொழுதுதான் நாங்கள் இன்னும் அங்கே இருக்கிறோம் என்பது தெரிகிறது' என்றார்.

நண்பர்காள்! இலக்கணம் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று எண்ணற்க. நும் ஊரார்க்காக நீவிர் எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது வேண்டப்படும். நாள்தோறும் அன்று நிகழ்ந்தவற்றைப் பத்து வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுக. வினைதோறும் 'இது முடிந்ததோ, இன்னும் தொடர்வதோ?' என வினவிக்கொள்க. ஓராண்டு இவ்வாறு முயன்றால் இப்பிழைகள் பெரும்பாலும் அகலும்.