பாண்டியர் மீன் இலச்சினை

பாண்டியர் மீன் இலச்சினை என்பது மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பாண்டியரின் அரச அடையாளம் ஆகும். கயல், கெண்டை என்று இலக்கியங்கள் குறிக்கும் இம்மீன் கொடி, நாணயம், முத்திரை, கோயில் கல் ஆகியவற்றில் இடம்பெற்றது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு பாண்டிய நாட்டின் மேற்கு எல்லையில் அமைந்த பகுதி. இங்குள்ள சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகளை வழங்கிய மன்னனின் வரலாறு, ஓர் இலச்சினையின் பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய உதவுகிறது.

அமைப்பு

மூவேந்தருள் சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்பது மரபு. பூக்களிலும் சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு என வேறுபாடு இருந்தது. மீன்கொடி உடையவன் என்பதால் பாண்டியனுக்கு ‘மீனவன்’ என்ற பெயரும் உண்டு. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் மீன் கோட்டுருவமாகக் காணப்படுகிறது. பிற்காலத்தில் இரட்டைக் கயல்களும், அவற்றின் நடுவே செண்டும் அமைந்த வடிவம் பரவியது.

நட்பின் அடையாளம்

சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கே இருந்தபோது பாடப்பட்டது புறநானூற்றின் 58ஆம் பாடல். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார். புலியும் கெண்டையும் பகைவரின் மலைகளில் சேர்த்துப் பொறிக்கப்பட வேண்டும் என்று அவர் வாழ்த்துகிறார். இங்கு இரண்டும் சமமானவை. பிறர் மலையில் சின்னத்தைப் பொறிப்பது அந்நிலத்தின் மீது உரிமை கொண்டதாக அறிவிப்பதாகும்.

சின்னமனூர் மன்னன்

சின்னமனூரின் பழைய பெயர் அரிகேசரிநல்லூர். பாண்டிய மன்னர் அரிகேசரியின் பெயரை அது தாங்கியது. இங்கு கிடைத்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு மூன்றாம் இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்டது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் முன்னோரின் புகழாக அது கூறுகிறது.

இப்புகழைச் செப்பேட்டில் பதித்த மன்னனே முற்காலப் பாண்டியரின் ஆட்சியை இழந்தவன். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் மதுரையைக் கைப்பற்றி ‘மதுரை கொண்ட’ என்ற பட்டம் பூண்டான். இராசசிம்மன் இலங்கைக்குச் சென்று, தன் மணிமுடியை அந்நாட்டு மன்னனிடம் விட்டுவிட்டுச் சேரநாட்டை அடைந்தான். அந்த முடியை மீட்கப் பராந்தகன் முயன்றும் இயலவில்லை. சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் முதலாம் இராசேந்திரன் அதனைக் கைப்பற்றியதாக அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. நாட்டை வென்ற பின்னும், முடியைக் கைக்கொள்ளாமல் வெற்றி நிறைவுபெறவில்லை என்றே சோழர் கருதினர்.

சோழர் முத்திரையில் மீன்

இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை இணைக்கும் வளையத்தில் சோழ முத்திரை உள்ளது. அமர்ந்த புலியின் அருகே இரு மீன்கள் நிற்கின்றன, வில்லும் உள்ளது. மேலே குடையும் இருபுறம் சாமரங்களும் காணப்படுகின்றன. புறநானூற்றில் நட்பைக் காட்டிய அதே புலியும் மீனும் இங்கு வேறு பொருள் தருகின்றன. குடையும் சாமரமும் புலிக்கு உரியவை. மீனும் வில்லும் அதன் ஆட்சிக்கு அடங்கிய நாடுகள். கையில் வாங்கும் காசிலும் இச்செய்தி பொறிக்கப்பட்டது. இராசேந்திரனின் ‘கங்கைகொண்ட சோழன்’ காசுகளில் மூன்று சின்னங்களும் உள்ளன.

ஐரோப்பாவிலும் இம்முறை இருந்தது. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1340இல் பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரியபோது, தன் சிங்கங்களுடன் பிரான்சின் அல்லி மலர்களையும் கேடயத்தில் சேர்த்தார். பிரான்சில் இருந்த கடைசி நிலப்பகுதியான கலே 1558இல் கைவிட்டுப் போன பின்னரும், 1801 வரை அம்மலர்கள் நீடித்தன. ஆக, ஓர் இலச்சினை உள்ள நிலையை மட்டுமன்றி உரிமைக் கோரிக்கையையும் காட்டும்.

மீட்சி

13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில் பாண்டியர் மீண்டும் பேரரசராயினர். சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கையின் கோணமலையில் கயல் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. திருகோணமலைக் கோட்டை வாயிலில் இரட்டைக் கயல்களை இன்றும் காணலாம். பிறர் மலையில் சின்னம் பொறிக்கும் பழைய வழக்கமே இதிலும் தொடர்ந்தது. ஆனால் இம்முறை மீன் தனியே பொறிக்கப்பட்டது. உடன் புலி இல்லை.

இன்று

1949இல் சென்னை மாகாணத்திற்கு உருவாக்கப்பட்ட அரசு முத்திரையில் மீன், புலி, வில் எதுவும் இடம்பெறவில்லை. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த அதில் கோயில் கோபுரமும் அசோகச் சிங்கத் தூணும் தேசியக் கொடிகளும் உள்ளன. சின்னமனூர் உட்படத் தமிழ்நாட்டின் அரசு ஆவணங்கள் இன்று அம்முத்திரையையே தாங்குகின்றன. ஓர் அரச மரபு மற்றொன்றை அடக்கியதாகக் காட்டும் சின்னம் அதில் இல்லை.