பிரித்துப் படித்தல்

கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில் ரப்பர் மரத்தை நாள்தோறும் சீவுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவுவர். மரம் மீண்டும் பால் சுரக்க அவகாசம் வேண்டும்.

மனனத்துக்கும் அவகாசம் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்தார். முடிவை 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை படித்ததன் பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை படித்தபோதே அவர் பெற்றார்.

எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று தவணைகளாக நடைபெறுகிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, அன்றைய பாடத்தை அன்றே அரை மணி நேரம் படிக்கலாம். இரு நாள் கழித்தும் வார இறுதியிலும் நூலை மூடிவைத்து நினைவுகூரலாம். சிரம்பானிலிருந்து வீடு திரும்பும் பேருந்துப் பயணமே இதற்குப் போதும். பகுதிநேர வேலைக்கும் செல்லும் மாணவருக்கு, மிச்சமாகும் அந்த 30 முறை சிறிதன்று.