வாகன விசாரம் – 9: கைக்கு மட்டும் தெரிந்த கோளாறு

சென்ற வாரம் பிரேக்கைப் பற்றிய சங்கதிகளை ஒருவாறு சொல்லி முடித்தோம். பிரேக்கில் ஒரு குறை நேர்ந்தால், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் அதை ஊரறியச் செய்துவிடும். ஸ்டீயரிங்கில் நேரும் குறையோ பெரும்பாலும் ஓட்டுகிறவருடைய உள்ளங்கைக்கும் அந்த வளையத்துக்கும் இடையே நடக்கிற அந்தரங்க விவகாரமாகவே வெகு காலம் இருந்துவிடுகிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அதை அறிவதில்லை. பின்னால் உறங்கும் குழந்தைகளும் அறிவதில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக்கும் சில வேளை அறிவதில்லை. ஒருவருடைய கைக்கு மட்டுமே தெரிந்த இத்தகைய அற்பக் கோளாறு ஒன்று, அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைப் பட்டறைக்குத் திரும்ப அழைக்கும்படி செய்த விருத்தாந்தத்தை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

விருத்தாந்தத்தின் நாயகன் ஹோண்டா சிவிக் என்னும் குடும்பக் கார். 1972-இல் ஜப்பானில் பிறந்து, தலைமுறைக்குத் தலைமுறை உடல் பெருத்து, கல்லூரி மாணவர் முதல் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் வரையில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அமெரிக்காவில் பெயர் எடுத்த வண்டி அது. அதன் பதினோராம் தலைமுறை 2022-ஆம் வருஷத்து மாடலாக வெளிவந்தது. வாங்கியவர்களில் சிலர், அதிக மைல் ஓடியிராத தங்கள் புது வண்டியில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். நெடுஞ்சாலையில் வெகு நேரம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கையில் ஸ்டீயரிங் நடு ஸ்தானத்திலேயே பிடித்துக்கொள்ளும். இம்மியளவு திருப்பப் பார்த்தால் இசையாது. சற்று அழுத்தித் திருப்பினாலோ பட்டென்று விடுபட்டு, வேண்டிய அளவுக்கு மேலே திரும்பிவிடும். 2023 மார்ச் மாதம் அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதைக் குறித்து விசாரணை தொடங்கியபோது, அதன் கையில் இருந்த புகார்கள் 145. அந்தத் தேசத்தில் ஓடுகிற கார்களின் ஜனத்தொகையை எண்ணிப் பார்த்தால், இது கடலில் கரைத்த பெருங்காயந்தான். ஆனாலும், தங்கள் கை பொய் சொல்லவில்லை என்று நம்பி, உட்கார்ந்து எழுதி அனுப்பினார்களே, அவர்களுடைய பிடிவாதத்தை நான் மெச்சுகிறேன்.

இந்தக் கோளாறின் சூக்ஷ்மம் விளங்க வேண்டுமானால், கையின் வேலையை யந்திரம் எப்படிப் படிப்படியாக வாங்கிக்கொண்டது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது, உள்வட்டத்தில் போகும் சக்கரம் வெளிவட்டத்துச் சக்கரத்தைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பியாக வேண்டும்; இல்லாவிட்டால் ஏதாவதொரு சக்கரம் தரையில் உராய்ந்து இழுபடும். குதிரை வண்டிகளின் காலத்திலேயே இதற்கு உபாயம் கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் என்பவர். 1818-இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை எடுத்தவர் ருடால்ப் ஆக்கர்மன் என்ற புத்தக, சித்திர வியாபாரி. இன்றளவும் அந்த ஏற்பாட்டுக்கு ஆக்கர்மன் பெயர்தான் வழங்குகிறது. மூளையைக் கசக்கியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது உலகத்தில் புதிய விஷயமல்ல.

கார் வந்த பிறகு வெகு காலம், முன் சக்கரங்களைத் திருப்பும் பிரயாசை முழுவதும் ஓட்டுகிறவருடைய தோளையே சார்ந்திருந்தது. பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் எஞ்சினியராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு இந்தச் சிரமத்தைக் குறைக்கும் உபகரணம் ஒன்றை 1926-இல் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது கடைக்கு வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் பவர் ஸ்டீயரிங் என்பது விலை கொடுத்து வாங்கத்தக்க சரக்காயிற்று. எண்ணெய்ப் பம்பை எஞ்சின் சுற்றும். நேர்ச் சாலையில் திருப்பவே வேண்டாத வேளையிலும் அது வீணாகச் சுற்றிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். எண்ணெயும் பம்பும் வேண்டாம், மின்சார மோட்டார் ஒன்று போதும், தேவையானபோது மட்டும் அது உதவட்டும் என்ற யோசனை 1988-இல் சுஸுகி செர்வோ என்ற சின்னஞ்சிறு ஜப்பானியக் காரில் உருப்பெற்றது. இன்று அநேகமாக எல்லாக் குடும்பக் கார்களிலும் இதுவே. தானாகவே தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் வண்டி, தானாகவே நிறுத்துமிடத்தில் நுழையும் வண்டி என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, அந்த வித்தைகளுக்கெல்லாம் ஸ்டீயரிங்கைச் சுற்றத்தக்க ஒரு மோட்டார் இருந்தாக வேண்டும்.

அதன் கிரமம் இதுதான். ஸ்டீயரிங் தண்டின் வழியில், முறுக்கிக்கொள்ளத்தக்க மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது சிறிது முறுக்கிக்கொள்கிறது. எவ்வளவு முறுக்கிற்று என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, மோட்டாருக்கு இவ்வளவு மின்சாரம் என்று சிறு கணினி தீர்மானிக்கிறது. மோட்டாரின் முனையில் திருகாணியைப் போன்ற எஃகுப் பல் ஒன்றுண்டு. அதற்கு வோர்ம் என்று பெயர். அது ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றல் ராக் என்னும் பல்வரிசைச் சட்டத்தை இடமும் வலமும் நகர்த்த, அதன் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன.

நம்முடைய விவகாரம் அந்த வோர்மும் பல்சக்கரமும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. எஃகோடு எஃகு மோதினால் ஓசை எழும் என்பதற்காக, பல்சக்கரத்தின் பற்களைப் பிளாஸ்டிக் ஜாதியைச் சேர்ந்த பொருளால் செய்வது சகஜம். பற்களுக்கிடையே துளி இடைவெளி இருந்தாலும் மேடுபள்ளத்தில் கடகடவென்று சப்திக்குமே என்று, வோர்மைச் சக்கரத்தின்மேல் சதா அழுத்திக்கொண்டிருக்க ஒரு ஸ்பிரிங்கும் வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிரீஸ். வாங்குகிறவர் காதில் எதுவும் விழக்கூடாது என்பதே இத்தனை ஏற்பாட்டுக்கும் நோக்கம். ஹோண்டா கம்பெனியார் 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்ட காரணங்கள் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அடங்கியவை: பல்சக்கரம் தயாரிப்பில் செவ்வையாக அமையாததால் ஊதிப் பருத்து, இடையிலிருந்த கிரீஸ் படலம் மெலிந்துவிட்டது, ஸ்பிரிங்கின் அழுத்தமும் முறையான அளவில் வைக்கப்படாமல் உராய்வை மிகுவித்தது. மழைக்காலத்தில் ஊறிப்போன மர அலமாரியின் இழுப்பறையை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோளாறின் சுபாவத்தை விவரிக்க வேண்டியதில்லை. முதலில் அது அசைந்து கொடுக்காது, கொஞ்சம் பலத்தைக் கூட்டினால் முழுவதுமாகக் கையோடு வந்துவிடும்.

நடு ஸ்தானத்திலே மட்டும், அதுவும் நெடுஞ்சாலை வேகத்திலே மட்டும் இது ஏன் உறைக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். நகரத்துத் தெருவில் ஸ்டீயரிங் ஓயாமல் இங்குமங்கும் பெரிதாகச் சுழன்றுகொண்டிருப்பதால், பற்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. கிரீஸும் பரவிக்கொண்டே இருக்கும். கையும் கணிசமான பலத்தோடு திருப்புகிறபடியால் சிறு உராய்வு கணக்கில் வராது. நேரான நெடுஞ்சாலையிலோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஓட்டுகிறவர் செய்வதெல்லாம், காற்று தள்ளுவதையும் சாலையின் சரிவையும் ஈடுசெய்ய, ஓரிரு டிகிரிக்கு மேற்படாத நுண்ணிய திருத்தங்களை இடைவிடாமல் செய்வதுதான். செய்கிறோம் என்ற பிரக்ஞைகூட இல்லாமல் செய்கிறார். முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புகிற அச்சு சற்றுப் பின்சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதாலும் டயரின் இயல்பாலும், வளையத்தை விட்டுவிட்டால் தானாகவே நடுவுக்குத் திரும்பும் குணம் எல்லாக் கார்களுக்கும் உண்டு. ஆனால் நடுவை நெருங்க நெருங்க அந்தத் திருப்பும் சக்தி குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் உராய்வுக்கு அது தோற்றுவிடுகிறது. ஒரே இரண்டு பற்கள் வெகு நேரமாக ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்க, உள்ள கிரீஸும் பிதுங்கிப்போயிருக்க, ஓட்டுகிறவருடைய மென்மையான திருத்தம் அந்தப் பிடிப்பை வெல்லப் போதுவதில்லை. பலத்தைக் கூட்டுகிறார், விடுபட்டதும் அந்த அதிக பலம் முழுவதும் திருப்பமாக மாறி, வண்டி தடத்தின் ஓரத்துக்குப் பாய்கிறது, பதறி எதிர்ப்புறம் திருத்துகிறார், அதுவும் மிகையாகிறது. எழுபது மைல் வேகத்தில், பக்கத்துத் தடத்தில் சரக்கு லாரி ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, இந்த விளையாட்டு எத்தனை அபாயகரமானது என்பதைச் சொல்ல வேண்டுமா?

இதில் எனக்குப் பெரும் ஆச்சரியமாகப் படுவது, யந்திர சாஸ்திரத்தின் கண்ணில் இது கோளாறாகவே தோன்றாது என்பதுதான். சென்சார் சரியாக அளக்கிறது. மோட்டார் சொன்னபடி சுற்றுகிறது. மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு மின்சார நியாயம் ஒன்றுமில்லை. கணினியைச் செருகி விசாரித்தால் பழுது இல்லை என்று அது சத்தியமாகவே சொல்லும். பட்டறையைச் சுற்றி நாலு தெரு ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்கின் கையில், மேலே சொன்ன காரணத்தால், அது அகப்படாது. அதோடு, தடத்தைப் பிடித்துக்கொள்ளும் வித்தை அடங்கிய வண்டியில், ஸ்டீயரிங் தன்னிச்சையாகச் சற்று அசைவதும் இறுகுவதும் சாதாரணமாகையால், இறுகியது யந்திரத்தின் புத்தியா அல்லது வியாதியா என்று ஓட்டுகிறவருக்கே சந்தேகம் வந்துவிடக்கூடும்.

இதற்கு நேர்மாறான ஜாதிக் கோளாறு ஒன்றும் உண்டு, அது ஒளிந்துகொள்வதில்லை. 2014 மார்ச் 31 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். செவ்ரோலே மாலிபு, போன்டியாக் ஜி6, சாட்டர்ன் அயான் முதலிய குடும்பக் கார்கள் அவற்றில் அடக்கம். அவற்றில் மின்சார உதவி திடீரென்று நின்றுவிடக்கூடும்; நின்றால் மணியோசை கேட்கும், எதிரே எழுத்தில் செய்தியும் தோன்றும். ஸ்டீயரிங் அறுந்துபோவதில்லை, வளையத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். பலங்கொண்ட மட்டும் திருப்பினால் திரும்பும். ஒற்றை விரலால் திருப்பிப் பழகிய கை, எதிர்பாராத க்ஷணத்தில், அதுவும் வளைவின் நடுவில், முழுப் பாரத்தையும் ஏற்க நேர்கிறதே, அதுதான் ஆபத்து. வேகம் குறையக் குறையப் பாரம் கூடும் என்பதையும் அறிந்திருந்தால் பதற்றம் சிறிது தணியும்.

தினசரி நேரும் மற்ற உபாதைகளை விரைவாகவே சொல்லிவிடலாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் டயர்களின் காற்றைப் பார்க்க வேண்டும், பிறகுதான் வீல் அலைன்மெண்ட். இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால், ஒரு பக்கத்து பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் நடுங்கினால் வீல் பாலன்சிங். மேடுபள்ளத்தில் தட்டும் ஓசையும், திருப்பினாலும் வண்டி உடனே கேளாத தளர்ச்சியும் சேர்ந்து தோன்றினால் டை ராடு முனையோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது. பாட்டரிக்கு வயதாகிவிட்டால் ஸ்டீயரிங் கனக்கும் என்பது மட்டும் புதிய தலைமுறைக் கார்களுக்கே உரிய விசேஷம். நின்ற வண்டியில் சக்கரத்தைத் திருப்பும்போது அந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. சோர்ந்த பாட்டரியால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஸ்டீயரிங் பாகம் முழுவதையும் மாற்றச் சொல்லிப் பெருந்தொகைக்குச் சீட்டு நீட்டுகிறவரிடம், பாட்டரியைப் பரிசோதித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நலம்.

சிவிக்கின் கதை எவ்வாறு முடிந்தது? விசாரணை 2023 நவம்பரில் அடுத்த கட்டத்துக்கு உயர்ந்தது. 2024 அக்டோபரில் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தபோது, அதே உறுப்பைத் தாங்கிய சிஆர்-வி, எச்ஆர்-வி, அக்யூரா இன்டெக்ரா ஆகிய வண்டிகளும் சேர்ந்துகொண்டமையால் எண்ணிக்கை 17 லட்சத்தை எட்டிற்று. செய்த வைத்தியம், கட்டணமின்றி அந்த ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸைச் சீராகப் பரப்புவதும், போதாவிட்டால் புதிதாக இடுவதும். அவ்வளவே! இந்த மாடல்களை வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, தங்களுடையதும் பட்டியலில் உள்ளதா என்று விசாரித்துக்கொள்ளலாம். வேறு கம்பெனி வண்டியில் இதே அனுபவம் நேருகிறவர்கள், தடம் பிடிக்கும் வித்தையை முதலில் நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் பிடிப்பு இருக்குமானால், எந்த வேகத்தில், எவ்வளவு நேர ஓட்டத்துக்குப் பிறகு அது தொடங்கிற்று என்று குறித்துவைத்து, மெக்கானிக்கைப் பட்டறை வாசலில் ஓட்டவிடாமல் நெடுஞ்சாலைக்கே அழைத்துச் சென்று, அரை மணி நேரமாவது வளையத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் டயர்களைப் பற்றி.