கோப்பு ஏற மறுக்கிறதா? வாசலை அளவோடு திறவுங்கள்

நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில், புறக்கோட்டையில் அபாயா தைத்து மொத்தமாகக் கொடுக்கும் தம்பி ஒருவர் மடிக்கணினியோடு எமது கடைக்கு வந்தார்.

"நானா, இதக் கொஞ்சம் பாருங்க. படமெல்லாம் சைட்ல ஏறுது. எம்பிராய்டரி டிசைன் பைல் மட்டும் ஏறுதில்ல" என்றார்.

கல்முனையிலும் புத்தளத்திலும் அக்குறணையிலும் எம்பிராய்டரி இயந்திரம் வைத்திருக்கும் தையற்காரர்கள் அவருக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் தாமாகவே டிசைனை இறக்கிக்கொள்ளும்படி தனது இணையத்தளத்தில் போட்டு வைக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கோப்பைக் கொடுத்தவுடன், இவ்வகைக் கோப்பைப் பதிவேற்ற உங்களுக்கு அனுமதியில்லை என்று திரையில் வந்து நிற்கிறது.

"என்ட சைட்டு, என்ட காசு. எனக்கு அனுமதி தாறது யாரு?" என்று சிரித்தவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "சைட் செஞ்ச பொடியன் சொல்றார், ஒரு வரி போட்டா எந்தப் பைலும் ஏறுமாம். போடச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். காரணத்தை இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இப்போது நம்மவர்களில் பலர் வேர்ட்பிரஸ் மென்பொருளில்தான் கடைக்கு இணையத்தளம் அமைத்திருக்கிறார்கள். இந்தச் சிக்கல் இன்றோ நாளையோ உங்களுக்கும் வரும்.

பட்டியல் ஒன்று இருக்கிறது

வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு மே மாதம் வலைப்பதிவு எழுதுவோருக்காக வெளிவந்த இலவச மென்பொருள். மெட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் அதனைத் தொடங்கினர். பிற்காலத்தில் கடை, பத்திரிகை, பாடசாலை என்று எல்லோரும் அதனைப் பாவிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அடிப்படையில் அது எழுத்துக்கும் படத்துக்குமான மென்பொருள். ஆகவே எந்தெந்த வகைக் கோப்புகளை உள்ளே எடுக்கலாம் என்று தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

ஜேபெக், பி.என்.ஜி., ஜிப் படங்கள், பி.டி.எப்., வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் ஆவணங்கள், எம்.பி.3 ஒலி, எம்.பி.4 வீடியோ ஆகியன அதிலுள்ளன. பட்டியல் காலத்துக்குக் காலம் வளர்ந்தும் வருகிறது. 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில் வெப்பி படங்கள் சேர்ந்தன. 2024 ஏப்ரலில் 6.5 பதிப்பில் ஏவிப் படங்கள் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் வந்த 6.7 பதிப்பு, ஐபோனில் எடுக்கும் எச்.ஈ.ஐ.சி. படத்தை ஏற்று, சேர்வர் இடம் கொடுத்தால் அதனை ஜேபெக்காகவும் மாற்றிக்கொள்கிறது. ஐபோன் படம் ஏறவில்லை என்று முறையிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வேர்ட்பிரஸ் எந்தப் பதிப்பு என்பதைத்தான். பழைய பதிப்பென்றால் புதுப்பித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தம்பி கொண்டுவந்தது டி.எஸ்.ரி. வகைக் கோப்பு. தஜிமா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எம்பிராய்டரி இயந்திரங்களுக்கென்று வந்த வகை அது. ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. தையல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சாமான், ஆனால் வேர்ட்பிரஸின் பட்டியலில் அது இல்லை. கட்டட வரைபடம் செய்பவரின் கோப்புக்கும், இலச்சினை வரைந்து கொடுப்பவரின் எஸ்.வி.ஜி. கோப்புக்கும் இதே கதிதான்.

ஏன் இந்தக் கெடுபிடி?

கோப்புகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பார்ப்பதற்கு அல்லது வாசிப்பதற்கு உரியது. படம், விலைப்பட்டியல் போன்றவை. மற்றையது சேர்வரில் இயங்கக்கூடியது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருப்பது பி.எச்.பி. என்ற மொழியில். பி.எச்.பி. கோப்பு ஒன்று சேர்வரில் இருந்து, யாராவது அதன் முகவரியை உலாவியில் அடித்தால், சேர்வர் அதைக் காட்டாது. அதிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றும். ஆகவே அப்படிப்பட்ட கோப்பொன்றை உங்கள் தளத்தில் போட்டுவிட்ட ஒருவன் உங்கள் கடைச் சாவியைக் கையில் வைத்திருப்பவன்தான்.

எஸ்.வி.ஜி. விடயம் இன்னும் நுட்பமானது. பார்க்கப் படம்தான். ஆனால் உள்ளே இருப்பது எழுத்து வடிவக் கட்டளைகள். அவற்றுக்கிடையே உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஒளித்து வைக்கலாம். தளத்தின் நிர்வாகி அந்தப் படத்தைத் தனியாகத் திறந்தால், அவரது அதிகாரத்தைக் கொண்டே ஒளித்து வைத்தவன் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். அதனாலேயே வேர்ட்பிரஸ் இன்றுவரை எஸ்.வி.ஜி. கோப்பைத் தானாக ஏற்பதில்லை.

இவை வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011 ஓகஸ்டில் டிம்தம்ப் என்ற படஞ் சுருக்கும் சிறு நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நம்பகமான சில தளங்களிலிருந்து மட்டும் படம் எடுப்பது அதன் ஏற்பாடு. ஆனால் அந்தத் தளத்தின் பெயர் முகவரியில் எங்கேயாவது இருந்தாலே அது நம்பிவிட்டது. பெயரை முன்னால் ஒட்டிக்கொண்ட போலி முகவரியிலிருந்து பி.எச்.பி. கோப்புகள் உள்ளே வந்தன. அந்த நிரல் எத்தனையோ வேர்ட்பிரஸ் வடிவமைப்புகளுக்குள் இருந்ததால் பாதிப்பு பெரிதாயிற்று.

2020 செப்டெம்பரில் பைல் மனேஜர் என்ற பிளகினில் இன்னொரு ஓட்டை. 700,000க்கும் மேற்பட்ட தளங்கள் பாவித்த பிளகின் அது. கடவுச்சொல்லே இல்லாமல் எவரும் கோப்பு ஏற்றக்கூடிய நிலை இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 5 மில்லியனுக்கும் மேற்பட்ட தளங்களிலிருந்த கொன்டாக்ட் போர்ம் 7 பிளகினிலும், கோப்பின் பெயரில் விசேட எழுத்துச் சேர்த்து வகையை மறைக்கும் தந்திரத்துக்கு இடமிருப்பது தெரியவந்து, 5.3.2 பதிப்பில் அடைக்கப்பட்டது.

மூன்றிலும் பூட்டு உடைந்தது ஒரே இடத்தில்தான்: உள்ளே வரும் கோப்பு எது என்று சரியாகப் பார்க்காத இடம்.

நான் பட்ட பாடு

அந்த ஒரு வரியை நானும் போட வைத்தவன். 2019ஆம் ஆண்டு எமது தளத்தில், வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய மாதிரியை அனுப்புவதற்கு ஒரு படிவம் வைத்திருந்தோம். சிலர் அனுப்பும் கோப்புகள் ஏறவில்லை. "எல்லாம் ஏறும்படி செய்துவிடுங்கள்" என்று தளம் செய்து தந்தவரிடம் நான்தான் சொன்னேன். அவரும் பி.எச்.பி. உட்படக் கைக்கு வந்த வகைகளையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிட்டார். படிவமும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் கோப்பை ஏற்கிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை, எனக்கும் தெரியாது.

இரண்டு கிழமைகளில், எமது முகவரியை அடித்தால் சூதாட்டத் தளத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கியது. தொழுகையாளியான ஒரு பழைய வாடிக்கையாளர் கோல் எடுத்து, "ஹாஜியார், என்ன இது?" என்று கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. கூகுளில் எமது பெயருக்குக் கீழே, இந்தத் தளம் ஊடுருவப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. தளத்தைத் துடைத்து மீண்டும் அமைக்கப் பணம் போனது ஒரு பக்கம். படிவத்தில் தம் பெயரும் தொலைபேசி இலக்கமும் தந்திருந்த ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்து விடயத்தைச் சொன்னதுதான் பெரிய பாரம். பொருளுக்கு முற்பணம் வாங்கினால் அது எப்படி அமானிதமோ, அவர்கள் தந்த விபரமும் அப்படித்தான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

வாசலில் இரண்டு காவல்

வேர்ட்பிரஸ் கோப்பை எப்படிச் சோதிக்கிறது என்று தெரிந்தால் திருத்துவது இலகு. முதற் காவல் கோப்பின் பெயர் முடியும் இடத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் மைம் எனப்படும் ஒரு வகைப்பெயர் உண்டு. 1992இல் மின்னஞ்சலோடு படமும் ஒலியும் இணைத்து அனுப்புவதற்காக நதானியேல் போரென்ஸ்டைன், நெட் பிரீட் ஆகியோர் வகுத்த முறை அது. பின்னர் இணையம் முழுவதும் அதனையே எடுத்துக்கொண்டது.

இரண்டாம் காவல் உள்ளே திறந்து பார்க்கிறது. பி.டி.எப். கோப்பு என்றால் அதன் தொடக்கத்திலேயே பி.டி.எப். என்று எழுதியிருக்கும். ஸிப் கோப்பு பி, கே என்ற இரண்டு எழுத்துகளோடு ஆரம்பிக்கும். அந்த வகையை உருவாக்கிய பில் கெட்ஸின் பெயரெழுத்துகள் அவை. 2017 ஜனவரியில் வந்த 4.7.1 பதிப்பிலிருந்து இந்த உட்சோதனை படமல்லாத கோப்புகளுக்கும் வந்தது. ஆகவே பெயரை மாற்றி ஏமாற்றப் பார்த்தால் அகப்பட்டுவிடும். பட்டியலில் பெயரைச் சேர்த்த பின்னும் சில கோப்புகள் ஏறாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் ஒத்துவரவில்லை என்று இரண்டாம் காவல் சொல்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, திறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். விலைப்பட்டியல் வேறு வகையில் இருந்தால் பி.டி.எப். ஆக்கிப் போடலாம். இலச்சினையைப் பி.என்.ஜி. ஆக்கலாம். டி.எஸ்.ரி. போன்ற கோப்பை ஸிப் பொதிக்குள் வைத்து ஏற்றலாம். தனித் தளமாக இயங்கும் வேர்ட்பிரஸின் பட்டியலில் ஸிப் ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலில் கை வைக்காமலேயே காரியம் முடிந்துவிடும்.

இரண்டாவது, திறக்கத்தான் வேண்டுமென்றால் ஒரேயொரு வகையை மட்டும் திறவுங்கள். வேர்ட்பிரஸில் அப்லோட் மைம்ஸ் என்ற பெயரில் அதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தளம் செய்து தருபவர் சில வரிகளில் வேண்டிய முடிவையும் அதன் மைம் பெயரையும் அங்கே சேர்த்துவிடலாம். அந்த வரிகளைத் தள வடிவமைப்பின் மூலக் கோப்பில் எழுதினால், வடிவமைப்பைப் புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். தனியொரு சிறு பிளகினாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, பெட்டியில் அடையாளமிட்டு வகையைச் சேர்க்கும் ஆயத்தமான பிளகின்களும் உண்டு. பல தளங்களை ஒன்றாக நடத்துபவர்களுக்கு வலையமைப்பு அமைப்புப் பக்கத்திலேயே பட்டியல் இருக்கிறது.

மூன்றாவது, எஸ்.வி.ஜி. கட்டாயம் வேண்டுமென்றால் சும்மா திறக்க வேண்டாம். ஏற்றும்போதே உள்ளிருக்கும் கட்டளைகளைக் கழுவி எடுக்கும் சேப் எஸ்.வி.ஜி. போன்ற பிளகினோடு திறவுங்கள்.

நான்காவது, எல்லாவற்றையும் அனுமதிக்கும் அந்த ஒரு வரியை அமைப்புக் கோப்பில் எழுத விடாதீர்கள். நிர்வாகி எந்தக் கோப்பையும் ஏற்றலாம் என்பதுதான் அதன் பொருள். ஒரு கோப்புக்காகப் போட்டு, பிறகு எடுக்க மறந்த தளங்களே அதிகம்.

ஐந்தாவது, பதிவேற்றிய கோப்புகள் சேரும் உறையில் பி.எச்.பி. இயங்காதபடி தடை போடச் சொல்லுங்கள். சேர்வர் இடம் தந்திருக்கும் நிறுவனத்திடம் கேட்டால் செய்து தருவார்கள். காவலைத் தாண்டி ஒன்று உள்ளே வந்தாலும் அது செத்த பாம்புதான்.

ஆறாவது, கடையிலுள்ள எல்லோருக்கும் நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். படமும் விபரமும் ஏற்றும் பிள்ளைக்கு எழுத்தாளர் என்ற தரம் போதும். வெளியார் பாவிக்கும் படிவத்தில் படம், பி.டி.எப். தவிர வேறெதற்கும் இடம் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்பு ஏறாததற்கு வகை மட்டுமே காரணமல்ல. சேர்வரின் பி.எச்.பி. அமைப்பில் மாற்றம் செய்யாவிட்டால் ஒரு கோப்பு 2 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பதே வழமை. திரையில் வரும் வாசகத்தை ஊன்றிப் பாருங்கள். அளவைப் பற்றிச் சொன்னால் பட்டியலில் கை வைத்துப் பயனில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் விபரத்தைப் பேணுவது இனிமேல் வெறும் நற்குணம் மட்டுமல்ல. ஆனால் சட்டம் வருவதற்கு முன்னரும் நமக்கு அது கடமையாகத்தான் இருந்தது. நாளை மறுமையில் கேட்கப்படும் கணக்கில் கடையின் கல்லாப்பெட்டி மாத்திரமல்ல, நம்மை நம்பித் தந்த இலக்கமும் சேரும்.

தம்பியின் வேலை அன்றே பத்து நிமிடத்தில் முடிந்தது. டிசைன்களை ஒவ்வொன்றாக ஸிப் பொதியில் வைத்து, பக்கத்தில் அதன் படத்தையும் போட்டோம். கல்முனையிலிருந்து மறுநாள் ஒருவர் இறக்கித் தைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்த ஒரு வரி போடப்படவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ், பெருநாள் வியாபாரமும் நல்லபடியாக முடிந்தது.