காருக்குள் ஒளிந்திருக்கும் சுவிட்சுகள்

இரவு பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து, படப்பையில் உள்ள வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறீர்கள். சாவியைத் திருப்பி எடுத்தவுடன் முன்விளக்கு அணைந்துவிடுகிறது. வாயிற்கதவின் பூட்டைக் கையால் தடவித் தேட வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் இதே காரைத்தான் வைத்திருக்கிறார். அவர் இறங்கிப் பூட்டிய பின்னும் அவருடைய கார் சிறிது நேரம் விளக்கெரித்து வழிகாட்டிவிட்டுப் பிறகு தானாக அணைகிறது. அவருடையது விலை கூடிய ரகமோ என்று நினைக்கிறீர்கள். இல்லை; இரண்டும் ஒரே ரகம், ஒரே விலை. அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பழைய அம்பாசடர் காரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் விளக்கின் சுவிட்சைத் தட்டினால் பாட்டரியிலிருந்து மின்சாரம் கம்பி வழியே நேராக விளக்குக்குப் போகும். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். அது வேறுவிதமாக நடக்க வேண்டுமென்றால் கம்பியை வெட்டி, நடுவே ரிலே ஒன்றைப் பொருத்த வேண்டும்.

இன்றைய காரில் நீங்கள் தட்டும் சுவிட்சு விளக்கை ஏற்றுவதில்லை. “இவர் விளக்கு கேட்கிறார்” என்ற சேதியை மட்டுமே அது அனுப்புகிறது. சேதி போய்ச் சேருமிடம், பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய பெட்டி. ஆங்கிலத்தில் இதற்கு ‘பாடி கண்ட்ரோல் மாட்யூல்’ என்று பெயர். நாம் இதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்போம். கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றும் மோட்டார், உள்விளக்கு, வைப்பர், திரும்பும் விளக்கு ஆகிய எல்லாம் இந்தப் பெட்டியின் சொற்படிதான் நடக்கும். எஞ்சினுக்கு வேறு பெட்டி, பிரேக்குக்கு வேறு பெட்டி உண்டு.

பெட்டிக்குள் ஒரு சிறு கணிப்பொறியும், பாட்டரியைக் கழற்றினாலும் மறக்காத நினைவகமும் இருக்கின்றன. அந்த நினைவகத்தில்தான் நம் கேள்விக்கு விடை உள்ளது. “சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரியட்டுமா?” என்ற கேள்விக்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அதில் 1 இருந்தால் எரியும், 0 இருந்தால் எரியாது. இப்படி எட்டு இடங்கள் சேர்ந்தது ஒரு பைட். வீட்டுச் சுவரில் உள்ள எட்டு சுவிட்சுப் பலகையைப் போல இதை எண்ணிக்கொள்ளலாம். இந்த எட்டை மட்டும் 256 விதமாக மாற்றி மாற்றி வைக்க முடியும். காருக்குள் இப்படிப் பல பலகைகள் இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரருடைய காரில் ஓர் இடத்தில் 1 இருக்கிறது. உங்களுடையதில் 0 இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

வேலை தெரிந்த தையற்காரர், வளரும் பிள்ளையின் சட்டையில் உள்ளே ஒரு விரற்கடை துணி விட்டுத் தைப்பார். தேவைப்படும்போது பிரித்து விட்டால் போதும். புதுச் சட்டை வேண்டாம். கார் செய்பவர்களும் அப்படித்தான் உள்ளே விட்டுத் தைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துவிடும்படி நாம்தான் கேட்பதில்லை.

ஏன் உள்ளே விட்டுத் தைக்கிறார்கள் என்பதற்கு நமது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே விளக்கம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இந்த ஆலைகளிலிருந்து நம் ஊருக்கு வலப்புற ஸ்டியரிங் கார்களும், சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் வழியாக வெளிநாடுகளுக்கு இடப்புற ஸ்டியரிங் கார்களும் போயின. பனி பெய்யும் நாட்டின் தேவை வேறு, நம் ஊர்த் தேவை வேறு, சட்டங்களும் வேறு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பெட்டி செய்தால் செலவு தாங்காது. எனவே கார் ஆலைகளில் ஒரே பெட்டியைப் பல நாட்டுக் கார்களிலும் பொருத்திவிட்டு, வரிசையின் கடைசியில் ஒரு கணிப்பொறியை இணைத்து, “நீ இந்த நாட்டுக்குப் போகும் கார், இந்த ரகம்” என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அப்போது பல சுவிட்சுகள் 1 ஆகின்றன, பல 0 ஆகின்றன. உங்கள் தேவையை அறிந்து அவர்கள் அதைச் செய்வதில்லை. சராசரி வாடிக்கையாளர் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்காகச் செய்கிறார்கள்.

அந்தச் சராசரி மனிதர் நீங்கள் இல்லையென்றால் என்ன செய்வது?

முதலில் காருடன் தந்த கையேட்டைப் பிரியுங்கள். (பிளாஸ்டிக் உறை கிழியாமல் கையேடு பெட்டிக்குள்ளேயே இருக்கும் கார்களே அதிகம்.) பல கார்களில் ஓட்டுநருக்கு எதிரே உள்ள திரையிலேயே ‘அமைப்புகள்’ என்றொரு பகுதி உண்டு. குறிப்பிட்ட வேகத்தை, சில கார்களில் மணிக்கு 15 கி.மீ.யை, தாண்டியதும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ள வேண்டுமா? திரும்பும் விளக்கின் தண்டை லேசாகத் தொட்டால் மூன்று முறை மின்ன வேண்டுமா, ஐந்து முறையா? ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் ஓட்டுநர் கதவு மட்டும் திறந்தால் போதுமா? இவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னது, இரவு நேரத்தில் தனியாக வண்டி எடுக்க வரும் பெண்களுக்கு மிகவும் பயன்படும். ஒரு கதவு திறக்கும்போது மற்ற மூன்றும் பூட்டியே இருக்கும்.

திரையில் இல்லாத சுவிட்சுகளும் உண்டு. அவற்றை டீலரின் ஒர்க்ஷாப்பில் உள்ள ஸ்கேனர்தான் தொட முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் அதில்தான் ஸ்கேனரைச் செருகுவார். அதன் 6-ஆம், 14-ஆம் துளைகளிலிருந்து முறுக்கிய இரண்டு கம்பிகள் உள்ளே போகின்றன. இதுதான் ‘கேன்’ என்னும் தொடர்பு முறை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இதை வெளியிட்டது. அதற்கு முன் பெட்டிக்குப் பெட்டி தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. இந்த முறையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே கம்பி இணையில் தொங்குகின்றன. ஊரில் தண்டோரா போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டிச் சொல்வது எல்லார் காதிலும் விழும். யாருக்குரியதோ அவர் எடுத்துக்கொள்வார். இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால்? ஒவ்வொரு சேதிக்கும் ஓர் எண் உண்டு. சிறிய எண்ணுக்குரியவர் தொடர்ந்து பேசுவார், மற்றவர் தாமே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். ஆம்புலன்சுக்கு வழிவிடுவது போன்ற ஏற்பாடுதான் இது.

அந்தச் சாக்கெட்டில் யார் வேண்டுமானாலும் செருகி எதையும் மாற்றிவிட முடியாதா என்ற ஐயம் எழலாம். நியாயமான ஐயமே. எனவேதான் முக்கியமான இடங்களுக்குப் பெட்டி பூட்டுப் போட்டிருக்கிறது. ஸ்கேனர் வந்து கதவைத் தட்டினால், பெட்டி ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை வைத்து ஒரு இரகசியக் கணக்குப் போட்டுச் சரியான விடையைத் திருப்பிச் சொன்னால்தான் உள்ளே விடும். கேட்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஒட்டுக்கேட்ட விடை மறுமுறை உதவாது. 2015-இல் அமெரிக்காவில் இரு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காருக்குள் தொலைவிலிருந்தே தொலைத்தொடர்பு வழியாக நுழைந்து காட்டினார்கள். அதைத் தொடர்ந்து 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இதை அறிந்தால், டீலர் தயங்குவதிலும் ஓரளவு நியாயம் இருப்பது புரியும். சந்தையில் கிடைக்கும் பெயர் தெரியாத கருவிகளை வாங்கி அந்தச் சாக்கெட்டில் செருகி வைப்பது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப்போவதற்குச் சமம்.

ஆனால் எல்லாத் தயக்கமும் இந்த வகையன்று. ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். “சார், அது கம்பெனி செட்டிங். நாங்க தொட முடியாது” என்பார் விற்பனையாளர். பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது என்பதுதான் உண்மை. சீட் கவருக்கும் பாலிஷுக்கும் பில் போடலாம். ஒரு 0-வை 1 ஆக்குவதற்கு என்ன பில் போடுவது? ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “உங்கள் ஒர்க்ஷாப் ஸ்கேனரில் இந்த மாடலுக்கு எந்தெந்த வசதிகளை மாற்ற இடம் இருக்கிறது? ஒர்க்ஷாப் மேலாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்றால் பதில் வேறாக வரும். இதற்கு நல்ல நேரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியை வாங்குவதற்கு முந்திய நாள். டெலிவரிக்கு முன் ஒவ்வொரு காரையும் எப்படியும் சோதிப்பார்கள். அப்போதே இதையும் முடித்துவிடலாம்.

இரண்டு இடங்களில் எவ்வளவு வாதாடியும் பயனில்லை. முதலாவது, பொருளே இல்லாத இடம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பக்கக் கண்ணாடியை மடக்கும் மோட்டார் உங்கள் ரகத்தில் இல்லையென்றால் எந்த எழுத்தை மாற்றினாலும் அது மடங்காது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பொருளைப் பொருத்திவிட்டு, சுவிட்சை மட்டும் பூட்டி வைத்துக் காசு கேட்பது. 2022-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில், காரில் ஏற்கனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு 2023-இல் அதைக் கைவிட்டது.

இரண்டாவது, சட்டம் பூட்டிய இடம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் உற்பத்தியாகும் கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலி எழ வேண்டும். “இந்தச் சத்தத்தை நிறுத்தித் தாருங்கள்” என்பதுதான் ஒர்க்ஷாப்புகளில் அடிக்கடி கேட்கும் கோரிக்கையாம்! நல்ல டீலர் மறுத்துவிடுவார். மறுத்தால் சிலர் பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு போலிக் கொக்கியை வாங்கி மாட்டுகிறார்கள். அதைத் தங்கள் தளங்களில் விற்கவிட்ட ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு, 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. மோட்டார் சைக்கிளிலும் இப்படி ஒன்று உண்டு. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முன்விளக்கு எரிந்தே தீர வேண்டும். அதற்கு சுவிட்சு வைத்துத் தரச் சொல்லி டீலரை வற்புறுத்துவது தவறு.

அதே 2019 விதியில் இன்னொரு வரி இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. மையப் பூட்டு உள்ள காரில், மின்சாரம் போய்விட்டாலும் உள்ளிருந்து கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து அடையாற்றில் வெள்ளம் புரண்டதை இந்தப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. தெருக்களில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் புகுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி செயலிழக்கலாம். கண்ணாடி இறங்காமல் போகலாம். வேகத்தில் தானே பூட்டும் வசதியைப் போடச் சொல்பவர்கள், கையால் திறப்பது எப்படி என்பதை அன்றே வீட்டில் எல்லாருக்கும் செய்து காட்டிவிட வேண்டும். சில கார்களில் உள்கைப்பிடியை இருமுறை இழுக்க வேண்டியிருக்கும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது போதாது. ரிமோட்டில் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் தானே மறுபடி பூட்டிக்கொள்ளும் வசதி பல கார்களில் உண்டு. திருடனுக்கு எதிராகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் குழந்தையை உள்ளே உட்காரவைத்து, விளையாடச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டு, டிக்கியை மூடப் போனால்? அந்தப் பிஞ்சு விரல் பூட்டும் பொத்தானை அழுத்திவிடும், திறக்கத் தெரியாது. மூடிய கார் எவ்வளவு விரைவில் சூடாகிறது என்று அமெரிக்காவில் அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே உள்ளதைவிடச் சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள் வந்துவிட்டது. அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரகடம் சாலையோரத்தில் நிற்கும் காரை எண்ணிப் பாருங்கள். எந்த அமைப்பைப் போட்டாலும், எடுத்தாலும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பின்கதவின் ஓரத்தில் உள்ள குழந்தைப் பூட்டு பெரும்பாலான கார்களில் ஒரு சிறு நெம்புகோல். எந்த ஸ்கேனருக்கும் அது கட்டுப்படாது; அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

டீலர் முடியாது என்றதும் வெளியே கம்பியை வெட்டி ஒட்டித் தருபவரிடம் போகாதீர்கள். மெல்லிய சேதிக் கம்பியில் விளக்குக்கான மின்சாரத்தை இழுத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகலாம், தீயும் பிடிக்கலாம். வாரண்டியும் போகும்.

டீலர் மாற்றித் தந்தால், என்ன மாற்றினார் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒர்க்ஷாப் வாசலிலேயே பூட்டி, திறந்து, விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னாளில் சர்வீசின்போது பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தால், எல்லாச் சுவிட்சுகளும் ஆலையில் வைத்த பழைய நிலைக்கே திரும்பிவிடக்கூடும். அந்த ஜாப் கார்டு நகல் கையேட்டுடன் காருக்குள் இருந்தால், மறுபடி அதே சுவிட்சைக் காட்டிக் கேட்கலாம்.